கேள்வி நேரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர

நாடாளுமன்றப் பாடத்துக்கு சன்சத்.இன் (sansad.in) தளத்தின் மக்களவைக் கேள்விகள் பகுதியில் உங்கள் தொகுதி எம்.பி.யின் பெயரைத் தேடுங்கள். அவர் அமைச்சரானால் கேள்வி கேட்கமாட்டார். பக்கத்துத் தொகுதிக்காரரை எடுங்கள். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள். எது எம்.பி. தொகுதி, எது எம்.எல்.ஏ. தொகுதி என்று மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர்கள் தரும் பதில்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். சிறியதாக ஒன்றைப் பொறுக்கி, முந்தின நாளே அச்சிட்டு, நாலு பேருக்கு ஒரு பிரதி கொடுங்கள். பள்ளி இணையத்தை நம்ப வேண்டாம். கேட்டது, சொன்னது, சொல்லாமல் விட்டது என மூன்று நிறத்தில் கோடிடட்டும். மூன்றாவதில்தான் விறுவிறுப்பு. ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குத் தந்த உறுதிமொழி. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்.

நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது) என்றால், அதைத் தொடர்ந்து கேட்கும் துணைக்கேள்விகளைப் பதில் பிடிஎஃப்பில் தேடாதீர்கள். அவை அன்றைய விவாதப் பதிவில் இருக்கும். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான். நேரம் போதாமல் அவற்றில் பலவும் அவையில் எடுக்கப்படுவதே இல்லை.