ஆங்கிலத்தின் ‘அந்த’ச் சொற்களுக்கு வேர் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். விவாகரத்து மனு, வைத்திய அறிக்கை, பொலிஸ் முறைப்பாடு எல்லாம் என் மேசைக்கு வரும். உடலுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டால், பழக வரும் பிள்ளைகள் கூச்சத்தில் அகராதியின் முதல் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தாளின் வயதைப் பாருங்கள். ‘இன்டர்கோர்ஸ்’ என்பதன் லத்தீன் வேருக்கு ‘இடையே ஓடுதல்’ என்று பொருள். 15 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வணிகப் போக்குவரத்து. பிறகு மனிதர் ஒருவரோடொருவர் பழகுவதானது. படுக்கையறைக்குப் போனது 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கடிதமொன்றில் இரண்டு துறைமுகங்களுக்கிடையே ‘இன்டர்கோர்ஸ்’ என்று இருந்தால், சிரிக்காதே மனே, கப்பலைத்தான் சொல்கிறான். பழைய நாவல்களில் வரும் ‘மேக்கிங் லவ்’வும் அப்படித்தான், காதல் வார்த்தை பேசுவதோடு சரி. ஒக்ஸ்போர்ட் பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் தரும். அது கிடைக்காவிட்டால் இணையத்தில் இலவசமாக உள்ள ‘எட்டிமொன்லைன்’ போதும்.

அப்புறம் சொல்லை உடையுங்கள். வைத்தியர்கள் எழுதும் ‘கொயிட்டஸ்’ சேர்ந்து போதல். தாம்பத்தியத்தைக் குறிக்கும் ‘கொன்ஜுகல்’ என்பதற்குள் இருப்பது நுகத்தடி. புணர்தலைக் குறிக்கும் ‘கொப்பியுலேட்’ என்பதன் வேர் பிணைப்பு. எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் சொல்லுக்கும் ஆங்கில இலக்கணத்தில் ‘கொப்பியுலா’ என்றே பெயர். நன்னூலில் புணரியல் படித்த நமக்கு இதில் என்ன வியப்பு? திருமணத்துக்கு வெளியே உள்ள உடலுறவைச் சொல்லும் ‘போர்னிக்கேஷன்’தான் எனக்குப் பிடித்தது. லத்தீனில் ‘போர்னிக்ஸ்’ என்றால் கட்டட வளைவு. ரோமில் பாலியல் தொழில் நடந்த இடங்கள் அப்படி வளைவுக் கூரையின் கீழ் இருந்ததால், கொத்தனார் சொல் பாவத்தின் பெயராகிவிட்டது.

ஒலியை நம்பாதீர்கள். மணமானவர் பிறரோடு கொள்ளும் உறவைக் குறிக்கும் ‘அடல்டரி’க்கும் வயதுவந்தவரைக் குறிக்கும் ‘அடல்ட்’டுக்கும் உறவே இல்லை. அதன் சொந்தக்காரன் கலப்படம். மிளகாய்த் தூளில் செங்கல் தூள் கலந்ததற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) போடும் வழக்கும், மாவட்ட நீதிமன்ற விவாகரத்து வழக்கும் ஆங்கிலத்தில் ஒரே வேர்.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365 ஆம் பிரிவில், உடலின்பம் சார்ந்ததைக் குறிக்கும் ‘கார்னல்’ என்ற சொல் வரும். லத்தீனில் அது தசை. அதற்காகத் தமிழில் தசையை எழுதிவைக்காதீர்கள். நீதிமன்றத்தில் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். வேர் உங்கள் விளக்கத்துக்கு மட்டும். இதன் தம்பி ‘கார்னல் நொலெஜ்’. உடலுறவை ‘அறிதல்’ என்று சொல்வது எபிரேய வழக்கு. ஆதியாகமம் 4:1 இல் ஆதாம் ஏவாளை ‘அறிந்தான்’ என்று நம் தமிழ் வேதாகமத்திலும் அப்படியே இருக்கிறது. பைபிள் வாசித்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அழகான கதை கிடைத்தால் உடனே சந்தேகப்படுங்கள். அந்த நான்கெழுத்துக் கெட்ட வார்த்தை, அரசன் தந்த அனுமதியின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சுத்தப் பொய். முதலெழுத்தைச் சேர்த்துச் சொல் கட்டுவது 20 ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. இதுவோ டச்சு, ஜேர்மன் மொழிகளில் உறவுள்ள பழைய சொல். 1310 ஆம் ஆண்டின் இங்கிலாந்து நீதிமன்றப் பதிவொன்றில் ஒருவனின் பட்டப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்திசையில் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். வாக்குமூலத்தில் ஒரு பெண் ‘ஒண்டா இருந்தம்’ என்றால், அது ஒரே வீட்டில் வாழ்ந்ததாகவும் இருக்கலாம், உடலுறவாகவும் இருக்கலாம். நீங்களாக ‘இன்டர்கோர்ஸ்’ என்று போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னபடி மங்கலாகவே ஆங்கிலத்தில் எழுதுங்கள். தெளிவு வேண்டுமென்றால் சட்டத்தரணி கேட்டுக்கொள்ளட்டும்.