மின்சார சைக்கிளைப் பூட்டும்போது

ஹட்டன் டவுனில் மின்சார சைக்கிளை நிறுத்துபவர்கள் சிலர் மெல்லிய வயர் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுக் கடைக்குள் போய்விடுகிறார்கள். அதை அறுக்கச் சின்னக் கட்டர் போதும். யூ வடிவ இரும்புப் பூட்டு, இல்லாவிட்டால் தடித்த சங்கிலி வாங்குங்கள். கொஞ்சம் பாரம்தான், மோட்டார் இழுக்கட்டுமே!

பூட்டைச் சட்டத்தோடும் பின்சக்கரத்தோடும் சேர்த்துப் போடுங்கள். பல சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்தான் இருக்கிறது. பூட்டு நிலத்தில் கிடக்கக் கூடாது; தரையில் வைத்து அடித்து உடைப்பது சுலபம். கட்டும் கம்பத்தையும் ஒருதடவை ஆட்டிப் பாருங்கள். லயத்து வாசல் மரத்தூணை நம்பவே வேண்டாம், கைவாள் இருந்தால் முடிந்தது கதை.

கழற்றக்கூடிய பெட்டரி என்றால் கையோடு கொண்டு போங்கள். விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று, தனியாகவும் விற்கலாம். கழற்றிய இடத்தில் தெரியும் உலோக முனைகளை ஷொப்பிங் பையால் மூடிக் கட்டுங்கள். நம்ம ஊர் மழையும் பனிமூட்டமும் சும்மா விடாது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி கொட்டும் இரவுகளில் பெட்டரி வீட்டுக்குள் இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது: லித்தியம் பெட்டரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது.

சைக்கிளைக் கவிழ்த்தால் பெடல் அச்சுக்குக் கீழே பெரும்பாலும் தொடர் இலக்கம் அடித்திருக்கும். சேற்றைத் துடைத்து இன்றைக்கே போட்டோ எடுத்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள். சைக்கிள் களவு போய்ப் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது அது உதவும்.