ஹீட்டரில் குளிர்காற்றுதான் வருகிறதா? பாகம் வாங்கும் முன் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டர் பெரும்பாலும் தனியாக எதையும் எரித்துச் சூடாக்குவதில்லை. இன்ஜினைச் சுற்றிவந்து சூடான கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. ப்ளோயர் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம். காற்று நன்றாக வந்தும் சூடு இல்லையென்றால், ஒன்று சூடான கூலன்ட் கோருக்கு வந்து சேரவில்லை. இல்லை, வந்த சூடு காற்றில் ஏறவில்லை. எது என்று தெரியாமலே தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

(பேட்டரி காருக்கு இது பொருந்தாது. அதில் ஹீட்டர் மின்சாரத்தில் வேலை செய்கிறது, உயர் மின்னழுத்த ஒயர்களும் உண்டு. கை வைக்க வேண்டாம்.)

படி 1: கூலன்ட் அளவு

இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் டேங்கில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால், உங்கள் கார் கையேட்டில் சொன்ன வகை கூலன்ட்டை ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் வருகின்றன. ஹீட்டர் கோர் பல கார்களில் உயரத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் அதன் பாதிப்பு முதலில் ஹீட்டரில்தான் தெரியும். நிறையப் பேருக்குப் பிரச்சினை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் அளவு ஏன் குறைந்தது என்று பார்க்காமல் விட்டால் சில வாரங்களில் திரும்ப இதே கதைதான். காருக்குள் இனிப்பு வாடை, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான மூட்டம், கால் வைக்கும் இடத்தில் ஈரம் இவை இருந்தால் கோரே ஒழுகுகிறது.

படி 2: டெம்பரேச்சர் முள்

கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். முள் நடுப்பக்கம் வராமல் கீழேயே கிடந்தால், அல்லது வேகமாகப் போகும்போது கீழே இறங்கினால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அது சாதாரணமாக 80 முதல் 95 டிகிரிக்குள் திறக்க வேண்டிய சமாச்சாரம். எப்போதும் திறந்திருந்தால் கூலன்ட் முழுக்க ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடும், ஹீட்டருக்குச் சூடு மிஞ்சாது. விலை குறைந்த பாகம். கூலன்ட்டை வடித்து, உறை போல்ட்டுகளைக் கழற்றி, புது கேஸ்கெட்டோடு (ஒழுகாமல் அடைக்கும் பட்டை) மாற்றலாம்.

முள் மேலே ஏறிக்கொண்டே போகிறது, ஹீட்டரும் குளிர்கிறது என்றால் உடனே வண்டியை நிறுத்துங்கள். கூலன்ட் வற்றியிருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். அதோடு ஓட்டினால் இன்ஜின் போய்விடும்.

படி 3: இரண்டு ஹோஸ்

எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. இன்ஜின் சூடானதும் ஹீட்டர் டயலை முழுச் சூட்டில் வைத்து, ஏசியை அணைத்து, ப்ளோயரைப் போட்டுச் சில நிமிடம் ஓடவிடுங்கள், திறந்த வெளியில். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம், அந்தப் பக்கம் கை போகக் கூடாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவருக்குள் ஒட்டினாற்போல இரண்டு ரப்பர் ஹோஸ்கள் நுழையும். விரலின் பின்பக்கத்தால் சட்டென்று தொட்டு எடுங்கள்.

இரண்டும் சூடு என்றால் கூலன்ட் ஒழுங்காக வருகிறது. கோளாறு காற்றுப் பக்கம். டாஷ்போர்டுக்குள் சூடான, குளிர்ந்த காற்றைக் கலக்கும் ஒரு கதவு இருக்கிறது. டயலைத் திருப்பும்போது அங்கிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், அதை நகர்த்தும் குட்டி மோட்டாரின் பல் உடைந்திருக்கும். பழைய கார்களில் கேபிள் கழன்றிருக்கும், அதைத் திரும்ப மாட்டினால் போதும்.

ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. எல்லாக் கார்களிலும் வால்வு கிடையாது. இருந்தால், டயலைத் திருப்பும்போது அது அசைகிறதா என்று இன்னொருவரை விட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கோரைக் கழுவ வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியே வரும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். அழுத்தம் அதிகமானால் பழைய கோர் வெடித்துவிடும். துருநீர் போய்த் தெளிநீர் வரும்வரை விடுங்கள். வடியும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். அது நஞ்சு, இனிப்பாகவும் இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும்.

இரண்டுமே குளிர், முள் மட்டும் சரியாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் ஏர் லாக், அதாவது கூலன்ட் பாதையில் காற்று சிக்கி வழியை அடைத்திருக்கிறது.

படி 4: காற்றை வெளியேற்றுவது

கூலன்ட் மாற்றிய அல்லது நிரப்பிய பிறகு ஹீட்டர் நின்றுபோனால் நேராக இங்கே வரலாம். கையேட்டில் உங்கள் காருக்குத் தனி முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொதுவாகச் செய்வது இது: ஆறிய இன்ஜினோடு, முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். மூடியைத் திறந்துவைத்து, டயல் முழுச் சூட்டில் இருக்க இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ்கள் வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்றை வெளியே விடும் திருகு இருக்கிற கார்களில் அதைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழில்லாமல் கூலன்ட் வழிந்ததும் இறுக்குங்கள். குமிழ்கள் நின்றதும் மூடுங்கள். மறுநாள் ஆறிய பிறகு அளவை இன்னொரு முறை பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

குமிழ்கள் நிற்கவே இல்லை, புகைக்குழாயில் வெண்புகை வேறு, கூலன்ட்டும் ஒழுக்கு தெரியாமல் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். இதற்கு மேல் நாம் நோண்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.