லினக்ஸ் தொடக்கத் திரையில் யானைமலை: டெபியனில் ப்ளைமவுத் தீம் அமைப்பது

மதுரைப் பக்கம் பள்ளி ஆய்வகத்திலோ டிடிபி கடையிலோ டெபியன் 12 ஓடும் கணினியை ஆன் செய்தால், வெள்ளை எழுத்து வரிகள் சரசரவென்று ஓடி, திரை இரண்டு முறை அணைந்து எரிந்த பிறகுதான் லாகின் வரும். அழகான படம் ஒன்றை மட்டும் வைத்தால் இது சரியாகாது. ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), கிரப் (லினக்ஸைத் தேர்ந்து ஏற்றும் மெனு), ப்ளைமவுத் (லினக்ஸ் ஏறும்போது படம் காட்டும் மென்பொருள்), லாகின் ஆகிய நான்கும் ஒரே பின்னணி நிறத்தில், ஒரே ரெசல்யூஷனில் வந்தால்தான் திரை துள்ளாது. பெரும்பாலான கணினிகளில் ஃபர்ம்வேர் திரை கறுப்பு. அதனால் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுங்கள்.

படம் என்றதும் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏறக்குறைய 170 அடி உயரமும் அதை நிறைத்த சுதைச் சிற்பங்களும் 300 பிக்சலுக்குள் சுருங்கினால் வண்ணக் குழம்பாகிவிடும். கோபுரம் நெடுக்கு, திரையோ அகலம். ஒத்தக்கடையில் நின்றால் தெரியும் யானைமலையின் விளிம்புக்கோடு இந்த வேலைக்கென்றே அமைந்தது: நீளமானது, ஒரே நிறத்தில் வரைந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 600 பிக்சல் அகலத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். நாம் அடிப்படையாக எடுக்கப்போகும் ஸ்பின்னர் தீம் படத்தைத் திரைக்கேற்பப் பெரிதாக்காது. 600 என்பது 1366×768 திரைக்கும் முழு எச்டி திரைக்கும் பொருந்தும்.

பள்ளிப் பெயரைத் தமிழில் போட விரும்பினால் அதையும் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். ப்ளைமவுத் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இருந்து ஓடுகிறது. அங்கே பொதுவாகத் தமிழ் எழுத்துரு கிடையாது, வெறும் கட்டங்களே வரும். கிரப் மெனுவில் தமிழே வேண்டாம். கொம்பையும் காலையும் எழுத்தோடு கோத்துக் காட்டும் திறன் அதற்கு இல்லை.

இனி அமைப்பு. கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்திலும், 'கிரப்_' என்று தொடங்குபவற்றைப் பேரெழுத்திலும் தட்டுங்கள். டெபியனில் மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏபிடி மூலம் ப்ளைமவுத், ப்ளைமவுத்-தீம்ஸ் இரண்டையும் நிறுவுங்கள். யூஎஸ்ஆர், ஷேர், ப்ளைமவுத், தீம்ஸ் என்று உள்ளே போனால் ஸ்பின்னர் கோப்புறை இருக்கும். அதை 'யானைமலை' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு நகலெடுங்கள். உள்ளே ப்ளைமவுத் என்று முடியும் கோப்புக்கும் அதே பெயரைக் கொடுக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் தீம் கிடைக்காது. அந்தக் கோப்பில் இமேஜ்டிர் வரியைப் புதிய கோப்புறைக்கு மாற்றுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான். விட்டால் பழைய படங்களே வரும். உங்கள் படத்தை வாட்டர்மார்க்.பிஎன்ஜி என்று உள்ளே வைத்து, வாட்டர்மார்க்வெர்ட்டிகல்அலைன்மென்ட்டை .96-இலிருந்து .4 ஆக்குங்கள். சுழலும் வட்டம் .7-இல் இருப்பதால் இரண்டும் முட்டாது.

அடுத்து ஈடிசி, டிஃபால்ட் வழியாகக் கிரப் கோப்பு. கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் வரியில் மேற்கோள் குறிக்குள் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டும் இருக்கட்டும். கிரப்_ஜிஎஃப்எக்ஸ்பேலோட்_லினக்ஸ்=கீப் என்று ஒரு வரி சேருங்கள்; கிரப்பின் ரெசல்யூஷனை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அப்படியே தொடரும். பிறகு ரூட் உரிமையுடன் அப்டேட்-கிரப், அதன்பின் ப்ளைமவுத்-செட்-டிஃபால்ட்-தீம் -ஆர் யானைமலை. இங்கே 'ஆர்' பேரெழுத்து. அதுதான் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டுகிறது. அதை விட்டுவிட்டு "தீம் மாறவே இல்லை" என்று தேடுபவர்கள் ஏராளம். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் இந்தப் படி தோற்கும். ஏபிடி ஆட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கெர்னல்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

படத்துக்குப் பதில் எழுத்துத் திரையே வந்தால், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் தாமதமாக ஏறுகிறது என்று பொருள். ஈடிசி, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், மாட்யூல்ஸ் கோப்பில் இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு என்று ஒரு வரி சேர்த்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள்.

கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்க் சோதனை நடந்தால் திரை அப்படியே நிற்பதுபோல் தெரியும். உடனே பவர் பட்டனை அழுத்தக் கூடாது. எஸ்கேப் விசையைத் தட்டினால் உள்ளே நடப்பது எழுத்தாகத் தெரியும். எதுவுமே ஏறாவிட்டால், கிரப் மெனுவில் ஆங்கில 'இ' (e) விசையை அழுத்தி, லினக்ஸ் வரியில் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்பது திரையிலேயே வரும்.