தோலில் காப்பிக் கிளை: செதுக்கல், சாயம், மெருகு

செய்யப்போவது ஒரு சாவிக்கொத்துப் பட்டை. 4 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். முகப்பில் ஒரு காப்பிக் கிளை: இரண்டு இலை, நாலைந்து பழம். மாதிரிக்குப் படம் தேட வேண்டாம், ஏற்காட்டில் எந்தத் தோட்டத்து ஓரம் நின்றாலும் கண்ணில் படும். காப்பி இலையின் விளிம்பு இயல்பாகவே நெளிந்திருக்கும். புதிய கை கொஞ்சம் நடுங்கினாலும் அந்த நெளிவில் மறைந்துவிடும். ரோஜா வரைந்து மாட்டிக்கொள்வதைவிட இது மேல்.

தோலும் தண்ணீரும்

செருப்புக்கும் பைக்கும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. அதில் எவ்வளவு தட்டினாலும் அச்சு நிற்காது, ரப்பர் மாதிரி எழும்பிவிடும். நமக்கு வேண்டியது ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்ட தோல். கடைக்காரரிடம் 'வெஜ் டேன் லெதர்' என்று கேளுங்கள். ஓரத்தை வெட்டிப் பாருங்கள். உள்ளே நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்க இளம்பழுப்பாக இருந்தால் சரியான சரக்கு. முகப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உறிஞ்சிக் கருக்க வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் மேலே ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, விட்டுவிடுங்கள். 2 மி.மீ. தடிமன் போதும்.

நனைக்க மேட்டூர் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். போர் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் தோலின் துவர்ப்போடு சேர்ந்து நீலக்கருப்புப் புள்ளி விழும். துருப்பிடித்த அச்சும் (தோலில் வடிவம் பதிக்கத் தட்டும் கருவி), பட்டறைப் பக்கம் போய்வந்த கையும் இதே வேலையைச் செய்யும். லேசான கறைக்கு எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து ஒற்றி, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஈரம் பிடிக்க வைத்தல்

மொத்த வேலையும் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது. ஸ்பான்ஜால் இரண்டு பக்கமும் நனைத்து, மூடும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நாலு மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு வையுங்கள். ஈரம் உள்வரை சீராக இறங்கும். வெளியே எடுத்ததும் தட்டத் தொடங்காதீர்கள். தோலின் நிறம் ஏறக்குறைய பழைய வெளுப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் மட்டும் குளிர்ச்சி தெரிய வேண்டும். அதுதான் பக்குவம். அந்த நேரத்தில் அச்சை வைத்துத் தட்டினால் அழுந்திய இடம் தானாகவே அடர்பழுப்பாகும். நிறம் மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. தண்ணீர் கசிந்து, அழுந்திய இடம் மெல்ல எழும்பினால் ஈரம் அதிகம்.

சேலத்துச் சித்திரையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் பாதி இலை முடிவதற்குள் முகப்பு காய்ந்துபோகும். விசிறியை நிறுத்திவிட்டு, வேலை செய்யாத பகுதியை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். மலைமேல் ஐப்பசிப் பனிமூட்டத்தில் தொல்லை நேர்மாறு: ஈரத்தோலை இரண்டு மூன்று நாள் கவரிலேயே மறந்தால் பூஞ்சணம் பூத்துவிடும். வேலை பாதியில் நின்றால் கவரோடு ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

வெட்டும் தட்டும்

அடியில் கிரானைட் துண்டு ஒன்று வேண்டும். சமையல் மேடைக்குக் கல் வெட்டும் கடையில் கழிவுத் துண்டு கேட்டால் போதும். கல்லுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டால் அக்கம்பக்கத்தில் சண்டை வராது. அச்சைத் தட்ட மரக் கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் அச்சின் தலையை நசுக்கிவிடும். தோலின் பின்பக்கம் முழுக்க பேக்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தட்டத் தட்ட தோல் விரிந்து பட்டை கோணலாகும்.

படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, தோல்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு பதியுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஸ்விவல் கத்தியை (விரலிடுக்கில் சுழலும் தோல் செதுக்கும் கத்தி) உங்கள் பக்கமாக இழுங்கள். ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இங்கே 0.7 மி.மீ. சுமார். கத்தி திக்கித் திக்கி ஓடினால் முனை மழுங்கியிருக்கிறது. தோல் துண்டில் பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து அதில் பத்து இழுப்பு இழுங்கள். ஒரு கோட்டை இரண்டு முறை வெட்டக் கூடாது, ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும்.

அடுத்து பெவலர் அச்சு, அதாவது வெட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாக அழுத்தும் அச்சு. அதன் தடித்த விளிம்பு வெட்டுக்குள் உட்கார வேண்டும். சரிவு இலைக்கு வெளிப்பக்கம். வெளிப்பக்கம் தாழ்ந்தால்தான் இலை மேலே எழும். ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டின் பாதிமேல் விழட்டும். அச்சை முழு அகலம் நகர்த்தித் தட்டுவதால்தான் படிக்கட்டு போலத் தழும்பு வருகிறது. பழங்களைச் சுற்றி பெவல் செய்தபின், சின்ன ஸ்பூனின் முதுகால் உள்ளோரத்தைத் தேய்த்து உருட்டுங்கள். காப்பிப் பழம் கிளையோடு ஒட்டிக் கொத்தாக இருக்கும், நீளக் காம்பு வரையாதீர்கள். நரம்புகளை அதே ஸ்பூனின் காம்பு முனையால் அழுத்தி இழுத்தால் போதும்.

காயவைத்தல்

நனைக்கும் முன்பே தோலை எடை போட்டுக் குறித்து வையுங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இந்த அளவுத் துண்டு 8 கிராம் வாக்கில் இருக்கும். தட்டி முடித்ததும் டேப்பை உரித்துவிட்டு நிழலில் காயவிட்டு, எடை பழைய அளவுக்குத் திரும்பியதும் சாயத்துக்குத் தயார். கீழே ஒரு நாள் ஆகும், மலையில் இரண்டு மூன்று. வெயிலிலும் அடுப்போரமும் வைத்தால் விறைத்து வெடிக்கும்.

சாயம்

தொடங்குகிறவர்களுக்கு பழுப்பு ஸ்பிரிட் டை (ஆல்கஹாலில் கரைத்த தோல் சாயம்) நல்லது. அதற்கான தின்னரோடு சரிபாதி கலந்து, 3 மி.லி. எடுத்தால் இந்தப் பட்டைக்கு மிச்சமாகும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள். பழைய பனியன் துணியில் தொட்டு, ஒற்றிப் பிழிந்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அடர்த்தியாக ஒரே பூச்சு போட்டால் திட்டுத்திட்டாகும். நீர்த்த பூச்சு மூன்று, நடுவே அரை மணி இடைவெளி. முடிந்ததும் ஒரு இரவு விட்டு, உலர்ந்த துணியில் நிறம் ஒட்டுவது நிற்கும் வரை தேயுங்கள். தோலுக்குள் இறங்காத சாயத்தூள் மேலேயே நிற்கும். அதைத் துடைக்காமல் பூச்சு போட்டால் வெள்ளைச் சட்டைப் பையில் கறை படியும்.

கருப்பு வேண்டுமா? சாயமே வாங்க வேண்டாம். போர் தண்ணீரில் தொல்லையாக வந்த அதே இரும்பை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். லேத் பட்டறையில் சாதா இரும்புச் சீவல் ஒரு பிடி வாங்கி, எண்ணெய் போக சோப்பில் கழுவி, அரை லிட்டர் வெள்ளை வினிகரில் ஒன்றிரண்டு வாரம் ஊறவிடுங்கள். வாயு கிளம்பும், மூடியை இறுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது, அது துருப்பிடிக்காத ரகம். வடிகட்டித் தோலில் பூசினால் சில நிமிடத்தில் கருக்கும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் தோலில் துவர்ப்புக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த்தூள் வாங்கி, கஷாயமாக்கி, முதலில் அதைப் பூசிக் காயவைத்து மறுபடி பூசுங்கள். கடைசியில் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் துடையுங்கள். இந்தக் கருப்பு துணியில் ஒட்டவே ஒட்டாது.

மெருகு

பழுப்புப் பட்டையில் பள்ளங்கள் எடுப்பாகத் தெரிய, முதலில் தோலுக்கான நிறமற்ற அக்ரிலிக் பூச்சு மெல்லிசாக இரண்டு முறை போட்டுக் காயவிட்டு, மேலே அடர்பழுப்பு ஷூ பாலிஷை அழுத்தித் தேய்த்து உடனே துடைத்தெடுங்கள். பாலிஷ் பள்ளத்தில் மட்டும் தங்கும். அதற்குமேல் மறுபடி அக்ரிலிக் போட்டால் மெழுகில் பிடிக்காமல் உரியும். இனி மெழுகுதான்.

தேன்மெழுகு ஒரு பங்கு, நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) இரண்டு பங்கு, எடைக் கணக்கில். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ கூடாது. ஆறியதும் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்து, ஒரு மணி கழித்துப் பளபளக்கத் துடைத்தால் முடிந்தது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றாதீர்கள். நாளானால் சிக்கு வாடை வரும், ஏற்காட்டுக் குளிரில் தோலுக்குள்ளேயே உறைந்து நிற்கும்.

ஓரத்தை மெழுகு தேய்ப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். 220, பிறகு 400 உப்புத்தாள்; சாயம்; பிறகு லேசாக ஈரம் தொட்டு கேன்வாஸ் துணியால் சூடேறும்வரை தேய்ப்பு. பிசிறடங்கி ஓரம் கண்ணாடி மாதிரி வரும். வராவிட்டால் மறுபடி ஈரம் தொட்டுத் தேயுங்கள். வளையத்துக்கு 4 மி.மீ. துளை, ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி.