பழைய கம்ப்யூட்டரில் வந்து வந்து போகும் காட் பிழை

கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும், ஒலி தரும் சவுண்ட் காட் அரை மணிநேரம் பாடிவிட்டு ஊமையாகிறதா? காட்டைத் தூக்கி எறியாதீர்கள், முதலில் அது செருகியிருக்கும் ஸ்லொட்டைப் பாருங்கள். திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்றில் பெட்டியின் ஸ்குரூவே துருப்பிடிக்கிறது, பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் 16 பிட் ஐஎஸ்ஏ வகை ஸ்லொட்டின் 98 தொடுமுனைகளில் ஒன்றிரண்டு மங்காமல் இருக்குமா?

பவர் வயரைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, காட்டை நேராக மேலே இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள், பொன்னிற வரிசையில் ஏதாவது ஒரு முனை தேயிலைச் சாயம் பிடித்ததுபோல் பழுப்பேறியிருக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த, நூல் விடாத துணியால் துடையுங்கள். அழிறப்பர் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு அவ்வளவு மெல்லியது. காய்ந்த பிறகு நாலைந்து தடவை செருகி எடுத்தால் ஸ்லொட்டும் ஓரளவு சுத்தமாகும்.

சரி, சூடான பிறகு மட்டும் பிழை வருகிறதா? சூடேறி ஆறி ஆறி காட் மெல்ல மேலெழும், அதோடு காட்டைப் பெட்டியோடு பிணைக்கும் உலோகத் தகடான பிராக்கெட் வளைந்திருந்தால் ஸ்குரூவை இறுக்கும்போதே மறுமுனை கிளம்பிவிடும், இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிராக்கெட்டை நிமிர்த்துங்கள். அப்படியும் திருந்தாவிட்டால் வேறு ஸ்லொட்டில் போடுங்கள். அங்கேயும் பிழை கூடவே வந்தால் ஸ்பீக்கர் வயர் செருகும் ஜாக்கின் அடியிலுள்ள சொல்டரில், அதாவது ஈயப் பற்றில், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் தேடுங்கள்.