ஆஃப் பண்ணி ஆன் பண்ணக் கூடாத இயந்திரம்: இதயப் பம்ப்பின் மின்சாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொபைலோ டிவியோ மக்கர் பண்ணினால் நம் கை தானாகப் போவது ஒரே இடத்துக்குத்தான்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்போம். நெஞ்சுக்குள் எல்வேட் என்ற இதயப் பம்ப் பொருத்தியவர் இருக்கும் வீட்டில் அந்தப் பழக்கம் உயிரையே வாங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை நிறுத்துவது எளிது. நின்ற பம்ப் மறுபடி ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்காது.

எல்வேட் என்பது செயலிழந்த இதயத்தின் இடது கீழறையில் பொருத்தும் பம்ப். அந்த அறையிலிருந்து ரத்தத்தை எடுத்து மகாதமனிக்குள் தள்ளுவது அதன் வேலை. பம்ப் உடம்புக்குள் இருந்தாலும் அதற்கான மின்சாரம் வெளியிலிருந்துதான் போகிறது. வயிற்றுத் தோல் வழியே வெளியே வரும் டிரைவ்லைன் என்ற கேபிள், இடுப்பில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலரில் போய்ச் சேரும். கன்ட்ரோலரிலிருந்து இரண்டு பவர் கேபிள்கள் கிளம்பும். பகலில் அவற்றின் முனையில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். தூங்கும்போது சுவர் மின்சாரத்தில் ஓடும் பவர் யூனிட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். இப்போது புதிதாகப் பொருத்துவது பெரும்பாலும் அபாட் நிறுவனத்தின் ஹார்ட்மேட் 3. அதற்கு முந்தைய ஹார்ட்மேட் 2, மெட்ரானிக்கின் ஹெச்வேட் ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் வால்வு கிடையாது. ஓடும்வரை ரத்தம் முன்னே போகும். நின்றுவிட்டால் மகாதமனியில் இருக்கும் ரத்தம் அதே பம்ப் வழியாக இதயத்துக்குள் திரும்பி வழியும். ஏற்கெனவே சோர்ந்துபோன இதயம் தன் வேலையோடு இந்தச் சுமையையும் தாங்க வேண்டும். பம்ப்புக்குள் தேங்கிய ரத்தம் உறையவும் தொடங்கும்.

இரண்டு கேபிளையும் ஒன்றாகக் கழற்றுவது

முதல் தவறு இதுதான், அடிக்கடி நடப்பதும் இதுதான். பேட்டரி மாற்றும் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறார்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, கன்ட்ரோலர் அதை ஏற்றுக்கொண்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு கேபிளைக் கழற்றியதும் அலாரம் ஒலிக்கும். அது இயல்பு. அந்தச் சத்தத்தில் பதறிப்போய் மற்றதையும் இழுத்துவிடுவதில்தான் ஆபத்து.

ஹார்ட்மேட் 3-இன் கன்ட்ரோலருக்குள் ஓர் அவசர பேட்டரி உண்டு. இரண்டு கேபிளும் போய்விட்டால் சுமார் 15 நிமிடம் பம்ப்பை ஓட்டும். “அதுதான் இருக்கிறதே” என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அது விபத்துக்காக வைத்தது, தினசரி வசதிக்காக வைத்ததல்ல. ஹெச்வேட் கன்ட்ரோலரில் உள்ளே இருக்கும் பேட்டரி அலாரம் அடிப்பதற்கு மட்டும்தான். பம்ப்பை அது ஓட்டாது. இரண்டு மின்சாரமும் போனால் அந்தக் கணமே பம்ப் நின்றுவிடும். பக்கத்து வீட்டு எல்வேட்காரர் சொன்ன அனுபவத்தை வைத்து நம் கருவியைக் கையாளக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பேட்டரி விளக்குகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹார்ட்மேட்டில் மஞ்சள் வந்தால் 15 நிமிடத்துக்கும் குறைவு, சிவப்பு வந்தால் 5 நிமிடத்துக்கும் குறைவு. மின்சாரம் மிகக் குறையும்போது கன்ட்ரோலர் சிக்கன நிலைக்குப் போய் பம்ப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது நோயாளிக்குத் தலை சுற்றலாம். அதை வேறு நோய் என்று நினைத்து மாத்திரை தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தேட வேண்டியது சார்ஜ் ஏறிய பேட்டரியை.

கன்ட்ரோலரை வீட்டிலேயே மாற்றிப் பார்ப்பது

ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றுக் கன்ட்ரோலர் ஒன்று கொடுத்திருப்பார்கள். எங்கே போனாலும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் அதை எப்போது மாட்டுவது என்பது வேறு கேள்வி. பழைய கன்ட்ரோலரிலிருந்து டிரைவ்லைனைக் கழற்றும் நொடியில் பம்ப் நிற்கிறது. புதியதில் சரியாகச் செருகிப் பூட்டினால்தான் மறுபடி ஓடும். இடையில் நோயாளி மயங்கலாம். மாற்றிக்கொண்டிருப்பவரே அந்த நோயாளியாக இருந்தால், பாதியில் கை நின்றுவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஹார்ட்மேட் 2-இன் சிறிய கன்ட்ரோலர் பற்றி 2017-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளியிட்ட அறிவிப்பில், கன்ட்ரோலர் மாற்றியபோது கோளாறான சம்பவங்கள் 70 என்றும், அவற்றில் 26 பேர் இறந்தார்கள் என்றும் இருந்தது. இறந்த அத்தனை பேரும் மருத்துவமனைக்கு வெளியே மாற்ற முயன்றவர்கள். அதன் பிறகு நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது, டிரைவ்லைனைச் செருகுவதையும் எளிதாக்கியது. அதனால் அலாரம் வந்தால் முதலில் நோயாளியின் முகத்தைப் பாருங்கள். பேசுகிறாரா, பம்ப் ஓடும் அடையாளம் கன்ட்ரோலரில் தெரிகிறதா? ஓடுகிறது என்றால் எதையும் கழற்றாமல் எல்வேட் மையத்துக்குப் போன் செய்யுங்கள். பம்ப் நின்றிருந்தால் டிரைவ்லைன் நன்றாகச் செருகியிருக்கிறதா, பவர் கேபிள்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல சமயம் தளர்ந்த ஒரு முனைதான் காரணமாக இருக்கும். மாற்றுக் கன்ட்ரோலர் அதற்கும் அப்புறம்தான். மாற்றுபவர் பயிற்சி பெற்ற இன்னொருவராக இருக்க வேண்டும், நோயாளி உட்கார்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், புதிய கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும்.

“நின்றால் என்ன, மறுபடி ஓடுமே”

ஓடாமலும் போகலாம். ஹெச்வேட்டின் கதை அதற்குச் சாட்சி. அந்தப் பம்ப் நின்றபின் தாமதமாக ஓடியது அல்லது ஓடவே இல்லை என்று 100-க்கும் மேற்பட்ட புகார்கள் மெட்ரானிக்குக்கு வந்தன. 14 பேர் இறந்தார்கள். 13 பேருக்குப் பம்ப்பையே எடுக்க வேண்டியதாயிற்று. ஹெச்வேட் பொருத்தியவர்களிடம் பக்கவாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகளும் இறப்பும் கூடுதலாக இருந்ததும் சேர்ந்து, 2021 ஜூன் 3 அன்று அதன் விற்பனையை நிறுவனம் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்களுக்கு அதை வெறுமனே எடுத்துவிடும்படி சொல்லவில்லை, ஏனென்றால் அறுவைச் சிகிச்சைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. ஆக, ஹெச்வேட்டோடு வாழ்பவர்களுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு பம்ப் நிற்கவே விடாமல் இருப்பதுதான். அவசியம் இல்லாத கன்ட்ரோலர் மாற்றத்தைத் தவிர்ப்பதும் அதில் அடக்கம்.

மருத்துவமனைப் பக்கமும் ஒரு எச்சரிக்கை உண்டு. பம்ப்பின் நிலையைப் பார்க்கவும் அமைப்பை மாற்றவும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஹார்ட்மேட் டச் என்ற சாதனம், பம்ப்பை எதிர்பாராமல் நிறுத்தவோ ஓட்டவோ செய்யலாம் என்று 2024-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அந்தச் சாதனத்தை இணைக்கும்போது நோயாளியின் பக்கத்தில் ஒருவர் நின்று கவனிப்பது நல்லது.

இதிலேயே மிக நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது. பம்ப் எப்போது நின்றது என்றே தெரியவில்லை, நோயாளி சோர்வாக இருக்கிறார் ஆனால் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் உள்ளுணர்வு, பேட்டரியை உடனே மாட்டு என்று சொல்லும். மின்சாரம் வந்ததும் ஹார்ட்மேட் பொதுவாகத் தானாகவே ஓடத் தொடங்கும். பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே உறைந்த கட்டி அந்த வேகத்தில் நேராக மூளைக்குப் போகலாம். நினைவோடு இருக்கும் நோயாளிக்கு, நீண்ட நேரம் நின்ற பம்ப்பை மறுபடி ஓட்டுவது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. கண்ணெதிரே இப்போதுதான் நின்றது என்றாலோ, ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்றாலோ தயங்கவே கூடாது. மின்சாரத்தைக் கொடுத்து ஓட வைக்க வேண்டும். எத்தனை மணிக்கு அலாரம் அடித்தது என்பதை வீட்டில் குறித்துவைப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

சுவரில் இருக்கும் சுவிட்ச்

சுவிட்ச் வைத்த பிளக்பாயின்ட்டில் பவர் யூனிட்டை மாட்டக் கூடாது என்கின்றன ஹார்ட்மேட் கையேடுகள். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான பாயின்ட்டுகளில் சுவிட்ச் இருக்காது. நம் ஊரில் எல்லாப் பாயின்ட்டிலும் சுவிட்ச் இருக்கும். சென்னையிலேயே எல்வேட் பொருத்தும் மையங்கள் வந்துவிட்டன. வீடு திரும்பும் நோயாளிக்கு இதைச் சொல்லி அனுப்புவது மிக அவசியம். படுக்கையறையில் எர்த் இணைப்புள்ள மூன்று பின் பாயின்ட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, எலக்ட்ரீஷியனை வைத்து அதன் சுவிட்சை நீக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் சுவிட்சின் மேல் மூடி போட்டு, தொடாதே என்று பெரிதாக எழுதி ஒட்டலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். படுக்கும்போது பேட்டரியில் இருப்பதும் வேண்டாம், ஏனென்றால் அயர்ந்து தூங்குபவருக்கு அலாரம் கேட்காமல் போகலாம். சார்ஜ் ஏறிய பேட்டரிகள் மட்டும் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஹார்ட்மேட் 3-இன் ஒரு ஜோடி பேட்டரி அதிகபட்சம் 17 மணி நேரம் வரும், பழைய பேட்டரி அதைவிடக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜர் சரியாக வேலை செய்யுமா என்பதை மையத்திடம் கேட்டு, மழைக்காலத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும். ஜெனரேட்டர் உள்ள உறவினர் வீடோ மருத்துவமனையோ எது என்று புயல் சின்னம் உருவாகும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

எண்ணை நம்பி ஏமாறுவது

கன்ட்ரோலர் காட்டும் ரத்த ஓட்டம் அளந்து சொல்வதல்ல. பம்ப்பின் வேகம், அது இழுக்கும் மின்திறன் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டது. பம்ப்புக்குள் கட்டி உருவானால் அதைச் சுற்ற அதிக மின்திறன் தேவைப்படும். உடனே திரையில் ஓட்டம் கூடியதாகத் தெரியும், உண்மையில் குறைந்திருக்கும்! தினமும் எழுதிவைக்கும் வாட்ஸ் (மின்திறன்) எண் திடீரென்று உயர்ந்தாலோ, சிறுநீர் கருத்த நிறத்தில் போனாலோ அன்றே மையத்துக்குச் சொல்ல வேண்டும்.

டிரைவ்லைனும் அப்படியே ஏமாற்றும். ஹார்ட்மேட் 2-இல் கேபிளுக்குள் கம்பி தேய்ந்து உறையோடு உரசும் கோளாறு ஒன்று இருந்தது. பேட்டரியில் பம்ப் நன்றாகவே ஓடும். எர்த் உள்ள சுவர் மின்சாரத்தில் மாட்டினால் நிற்கும். பேட்டரியில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவைத்தால், அன்றிரவு படுக்கையில் நோயாளி மாட்டிக்கொள்வார். சுவர் மின்சாரத்துக்கு மாறும்போது மட்டும் அலாரம் வருகிறது என்று நோயாளி சொன்னால், உடனே பேட்டரிக்குத் திருப்பிவிட்டுக் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, ஆம்புலன்ஸ்காரர்களுக்கு. எல்வேட் நோயாளிக்கு நாடித்துடிப்பு தெரியாமல் இருப்பது சகஜம், பி.பி. கருவியும் திணறும். நாடி இல்லை என்பதை மட்டும் வைத்து இறந்துவிட்டார் என்று முடிவு செய்யக் கூடாது. நெஞ்சில் காது வைத்து பம்ப்பின் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். ஓசை இல்லையென்றால் மின்சாரத்தையும் டிரைவ்லைனையும் சரிபார்த்து ஓட வைக்க முயலுங்கள். அப்படியும் ஓடாமல், நினைவும் ரத்த ஓட்டத்தின் அடையாளமும் இல்லாமல் இருந்தால், பம்ப் நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவியை (சி.பி.ஆர்.) தவிர்க்க வேண்டாம். அமெரிக்க இதய சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் அதை அனுமதிக்கிறது. கிளம்பும்போது மாற்றுக் கன்ட்ரோலர், எல்லா பேட்டரிகள், சார்ஜர், பவர் யூனிட், பயிற்சி பெற்ற குடும்பத்தினர் ஒருவர் என அத்தனையும் அதே வண்டியில் ஏற வேண்டும். போய்ச் சேரும் மருத்துவமனையில் அந்தக் கேபிள்கள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.